சப்தரிஷியின் வாலருகே ஒரு சுழல்

தாளவாடி
பங்குனி

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். மஞ்சளை வேகவைத்துக் காயப்போட்டுவிட்டதாகவும், விலை ஏறும்வரை இருப்பு வைக்கப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். நல்ல முடிவு. இங்கே மழை இன்னும் இறங்கவில்லை. அதனால் வானம் தெளிந்திருக்கிறது. என் இரவுகள் எம் 51 என்னும் சுழல் விண்மீன் மண்டலத்தோடு கழிகின்றன.

சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனியிலுள்ள மரீசி என்ற விண்மீனிலிருந்து மூன்றரைப் பாகை தள்ளி அது இருக்கிறது. 1773இல் பிரெஞ்சு வானியலாளர் மெசியே கண்டபோது அது வெறும் மங்கலான புகைத்திட்டுதான். 1845இல் அயர்லாந்தில் ராஸ் பிரபு, 72 அங்குல ஆடி கொண்ட தம் தொலைநோக்கியால் பார்த்து, அதன் மையத்திலிருந்து வளைந்து நீளும் சுருள் கைகளைத் தம் கையாலேயே வரைந்தார். அது நம் பால்வழிக்கு அப்பால், ஏறத்தாழ 3 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள தனி மண்டலம் என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை. ஆனாலும் அந்தச் சுருளை அவர் கண் தவறவிடவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மீது பெருமதிப்பு உண்டாகிறது.

அந்தக் கைகள் ஏன் கலையவில்லை என்று கேட்டிருந்தீர்கள். மையத்துக்கு அருகிலுள்ள விண்மீன்கள் விரைவில் ஒரு சுற்றை முடிக்க, வெளியே உள்ளவை பின்தங்குவதால், கைகள் எப்போதும் அதே விண்மீன்களால் ஆனவையாக இருந்திருந்தால் சில சுற்றுகளிலேயே இறுகச் சுருண்டு அடையாளமின்றிப் போயிருக்கும். 1964இல் லின், ஷூ ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் கைகளை அடர்த்தி அலைகள் என்று விளக்கினார்கள். திம்பம் கொண்டை ஊசி வளைவில் கரும்பு லாரி ஊர்ந்து ஏறும்போது அதன் பின்னால் வண்டிகள் நெருங்கி நிற்குமே, முன்னால் உள்ளவை முந்திப் போய்விட்டாலும் புதியவை வந்து சேர நெரிசல் மட்டும் நீடிக்குமே, அப்படித்தான். அலைக்குள் நுழையும் வாயு நெருக்குண்டு புதிய விண்மீன்களைப் பிறப்பிக்கிறது. அவற்றுள் மிகப் பெரியவையும் பிரகாசமானவையும் அலையை விட்டு வெகுதூரம் விலகுவதற்குள் எரிந்து முடிந்துவிடுவதால் கைகளே ஒளிமிக்கவையாகத் தெரிகின்றன. எம் 51இல் இத்தனை எடுப்பான கைகள் அமைந்ததற்கு, அருகே இருக்கும் சிறிய துணை மண்டலத்தின் ஈர்ப்பும் காரணம் என்கிறார்கள்.

சித்திரை அமாவாசைக்குக் கட்டாயம் வாருங்கள். இரவு பதினொரு மணியளவில் அது வடக்கே ஐம்பது பாகைக்கும் மேலே நிற்கும். என் தொலைநோக்கியில் இரண்டு மங்கலான திட்டுகளே தெரியும் என்றாலும், பொறுமையாகப் பார்த்து நீங்களும் வரைய வேண்டும் என்பது என் ஆசை. திம்பம் சாலையில் இரவுத் தடை இருப்பதால் பொழுது சாய்வதற்குள் மலை ஏறிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்