பங்கைச் சொல்லிவிட்டுக் கையெழுத்துக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

"வாப்பா மவுத்தான (தகப்பன் இறந்த) வீட்டில் பெண்பிள்ளைகள் பங்கு கேட்டால் குடும்பம் இரண்டாகிவிடும், மார்க்கம் தெரிந்த பெண் விட்டுக்கொடுத்துவிடுவாள்" என்று சென்ற வாரம் இந்தப் பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். வேறு காரணம் சொல்லியிருந்தால் படித்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். மார்க்கத்தின் பெயரால் சொன்னதால் எழுதுகிறேன்.

உஹதுப் போரில் ஷஹீதான ஸஅத் இப்னு ரபீஉ அவர்களின் மனைவி, தம் இரண்டு பெண்மக்களையும் கூட்டிக்கொண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தார். பிள்ளைகளின் வாப்பா விட்டுப்போன பொருளை எல்லாம் அவருடைய சகோதரர் எடுத்துக்கொண்டார், கையில் ஒன்றும் இல்லாமல் இவர்களுக்கு நிக்காஹ் எப்படி நடக்கும் என்று முறையிட்டார். பொறுத்துப்போ என்று யாரும் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. வாரிசுரிமை வசனம் இறங்கியது. நபியவர்கள் அந்தச் சகோதரரிடம், இரண்டு மகள்களுக்கும் மூன்றில் இரண்டு பங்கும், அவர்களின் தாய்க்கு எட்டில் ஒரு பங்கும் கொடு, மீதி உனக்கு என்று சொன்னார்கள். அபூதாவூது, திர்மிதி ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் இந்த ஹதீஸ் இருக்கிறது. கணவனை இழந்த ஒரு பெண் வாய் திறந்து கேட்டார், சட்டம் கிடைத்தது. அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு நம் பெண்களை வாய் மூடச் சொல்வது எந்த வகையில் நியாயம்?

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் நெடுங்காலம் கிளார்க்காக இருந்தவள் நான். கடையநல்லூர், பனைக்குளம் என்று ஊர்ப் பெயர் சொல்லி வரும் நம் குடும்பங்களின் பூசாக்கா (வாரிசுச் சொத்து) கோப்புகள் நிறைய என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. பெரும்பாலும் ஒரே கதைதான். ஆண்கள் ஹாலில் உட்கார்ந்து பேசி முடித்திருப்பார்கள். அடுக்களையில் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருக்கும் மகளிடம் மலாயில் அச்சிட்ட தாள் வரும். "லாத்தா (அக்கா), இதில ஒரு சைன் போடுங்க, சும்மா ஃபாரம்தான்." தன் பங்கை விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கிறோம் என்பதே தெரியாமல் அவர் கையெழுத்துப் போட்டிருப்பார். அப்புறம் சில வருடம் கழித்து, மருந்துச் செலவுக்குத் தம்பியிடம் கை நீட்டும்போதுதான் தெரியவரும்.

இவ்வளவுக்கும் கணக்கு கடினமானதா? ஒருவர் மனைவியையும் இரண்டு மகன்களையும் மூன்று மகள்களையும் விட்டுப்போகிறார், அவருடைய பெற்றோர் முன்பே காலமாகிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொத்தை எட்டாகப் பிரித்தால் மனைவிக்கு ஒன்று, ஒவ்வொரு மகளுக்கும் ஒன்று, ஒவ்வொரு மகனுக்கும் இரண்டு. கடன் எல்லாம் போக 4 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) பெறுமான வீடு மிஞ்சினால் ஒரு மகளின் பங்கு 50,000 வெள்ளி. மகனுக்கு இரண்டு கொடுத்த மார்க்கம், குடும்பத்தைத் தாங்கும் செலவையும் அவன் தலையில் வைத்திருக்கிறது. மகளுக்குரிய ஒன்றையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும் தம்பி, லாத்தாவின் மருந்துச் செலவை மட்டும் ஏன் மறந்துபோகிறார்?

பங்கை விட்டுக்கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாரிசுகள் இசைந்தால் வேறு விதமாகப் பிரித்துக்கொள்ள இடம் இருக்கிறது. ஆனால் மஹர் பணத்தில் ஒரு பகுதியைக் கணவன் அனுபவிப்பதற்கே, மனைவி மனமுவந்து கொடுத்திருக்க வேண்டும் என்று குர்ஆன் நிபந்தனை வைக்கிறது (4:4). எவ்வளவு என்றே தெரியாததை ஒருத்தி எப்படி மனமுவந்து கொடுப்பாள்? குழந்தைக்குப் பால் மறக்கடிப்பதைக்கூடத் தாயும் தகப்பனும் கலந்து பேசி, இருவரும் சம்மதித்துச் செய்யச் சொல்கிறது அதே குர்ஆன் (2:233). வீடும் கடையும் அதைவிடச் சின்ன விஷயமா?

என் வாப்பா மவுத்தானபோது காக்கா (அண்ணன்) செய்ததைச் சொல்கிறேன். ஒருநாள் இஷாவுக்குப் பிறகு எங்கள் எல்லாரையும், உம்மாவையும் சேர்த்து, உட்கார வைத்தார். வீட்டுக் கிராண்ட் (உரிமைப் பத்திரம்), வங்கிப் புத்தகம், சேமநிதிக் கணக்கு, கடைக்கு வர வேண்டிய பாக்கி, கடை கொடுக்க வேண்டிய பாக்கி எல்லாவற்றையும் பாயில் பரப்பினார். உம்மாவுக்கு மலாய் வாசிக்கத் தெரியாது என்பதால் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். அன்றிரவு யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். தங்கச்சி தன் பங்கு வேண்டும் என்றாள், கிடைத்தது. நான் உம்மாவை வைத்துப் பார்க்கும் தம்பிக்கு என்னுடையதில் பாதியைக் கொடுத்தேன். இன்றைக்கும் பெருநாள் அன்று எல்லாரும் ஒரே வீட்டில்தான் சாப்பிடுகிறோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கே.டபிள்யூ.எஸ்.பி. சேமநிதியில் அண்ணன் பெயரை நியமித்திருந்தால் பணம் முழுவதும் அண்ணனுக்கே என்று பலர் நம்புகிறார்கள். முஸ்லிம்களைப் பொறுத்தவரை அவர் பணத்தை வாங்கி பராயிட் (இஸ்லாமிய வாரிசுரிமைப் பங்கீடு) முறைப்படி வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டிய பொறுப்பாளர், அவ்வளவுதான். அதேபோல, பங்கு பிரிப்பதற்கு முன்பே, கணவனோடு சேர்ந்து தேடிய சொத்தில் ஹர்த்தா செப்பென்சாரியான் என்று தன் பாகத்தைக் கேட்டு ஷரியா நீதிமன்றம் போக மனைவிக்கு உரிமை உண்டு. கடைக் கல்லாவில் உட்காராமல் வீட்டைக் கவனித்தவரின் உழைப்பையும் சட்டம் கணக்கில் எடுக்கிறது. இதை எத்தனை உம்மாமார்களுக்கு நாம் சொல்லியிருக்கிறோம்?

பினாங்குப் பள்ளிவாசல்களில் தமிழில் பயான் (மார்க்க உரை) செய்யும் ஆலிம்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். தொழுகை, நோன்பு பற்றிச் சொல்வதுபோல வருடத்தில் சில ஜும்ஆக்களிலாவது பராயிட் பற்றிச் சொல்லுங்கள். பெண்கள் தொழும் பகுதியிலும் கேட்கும்படி சொல்லுங்கள். சகோதரிகளிடம் கையெழுத்து வாங்கும் முன் பங்கு எவ்வளவு என்று தமிழில் எழுதிக் கொடுங்கள் என்று ஆண்களிடம் நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

யாரும் சொல்லாத வீட்டில் இருக்கும் பெண்களுக்கு: யார் யாருக்கு எவ்வளவு என்று காட்டும் பராயிட் சான்றிதழை ஷரியா நீதிமன்றத்தில் பெறலாம். அதற்கு விண்ணப்பிக்க மகன்தான் போக வேண்டும் என்பதில்லை. மனைவியோ மகளோ நேரே போகலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.