கீட்டோன் மீட்டரை எங்கே நம்பலாம், எங்கே கூடாது

அவசர சிகிச்சைப் பிரிவுப் பொறுப்பு மருத்துவர்களுக்கும் செவிலியக் கண்காணிப்பாளர்களுக்கும்,

வணக்கம். சர்க்கரை நோயாளி வாந்தியும் மூச்சிரைப்புமாக வந்தால் இன்னும் பல வார்டுகளில் சிறுநீரில் பட்டையை நனைத்து ‘யூரின் அசிட்டோன்’தான் பார்க்கிறார்கள். கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன்களில் அந்தப் பட்டை காட்டுவது அசிட்டோ அசிட்டேட்டை. கீட்டோன் மிகுந்து ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸில் பெருகுவதோ இன்னொரு கீட்டோனான பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட். இயல்பில் ஏறக்குறையச் சமமாக இருக்கும் இவற்றின் விகிதம் அப்போது மூன்று மடங்கு, சிலருக்குப் பத்து மடங்குகூட ஏறும். இன்சுலின் ஏறியதும் பீட்டா வகை அசிட்டோ அசிட்டேட்டாக மாறுவதால், நோயாளி தேறும்போதும் சிறுநீர்ப் பட்டையில் பிளஸ் குறையாது. விரல்நுனி ரத்தத்தில் பீட்டா வகையை நேரடியாக அளக்கும் மீட்டர் வேண்டும் என்பது இதனால்தான்.

ஆனால் மீட்டர் காட்டும் எல்லா எண்ணுக்கும் ஒரே மதிப்பில்லை. லிட்டருக்கு 0.6 மில்லிமோலுக்குக் கீழே இயல்பு, 3.0-க்கு மேல் ஆபத்து என்று பிரிக்க அது நன்றாகவே உதவும். மேலே போகப் போகத் துல்லியம் தேயும். பல மீட்டர்கள் 8-ஐத் தாண்டினால் ‘ஹை’ என்று மட்டும் சொல்லும். சிகிச்சையின்போது கீட்டோன் மணிக்கு 0.5 குறைய வேண்டும் என்பது பிரிட்டன் வழிகாட்டி வைத்த இலக்கு. அளவு 6 இருக்கும்போது வெறும் 10 சதவீதப் பிழையே 0.6. அப்படியானால் ஒரு மணி நேர வித்தியாசத்தை வைத்து இன்சுலின் வேகத்தை மாற்றுவது குருட்டாட்டம். அந்த உயரத்தில் ரத்தத்தின் அமிலநிலையைக் காட்டும் பைகார்பனேட்டும் பிஎச்சும் பேசட்டும்.

பிழை பெரும்பாலும் கைமுறையில்தான் நுழைகிறது. கீட்டோன் ஸ்ட்ரிப் தனித்தனி உறையில் வருவது ஈரத்துக்குப் பயந்து. வேலை சுலபமாகட்டும் என்று ஷிப்ட் தொடக்கத்திலேயே நாலைந்து உறைகளைக் கிழித்து ட்ரேயில் வைப்பதை, குறிப்பாகக் கடலோர ஊர்களில், இன்றே நிறுத்துங்கள். சில மீட்டர்களில் கீட்டோனுக்குக் குளுக்கோஸைவிடக் கூடுதல் ரத்தம் வேண்டும். பாதி நிரம்பிய ஸ்ட்ரிப்பில் இரண்டாவது துளியைச் சேர்க்காமல் புதிய ஸ்ட்ரிப் எடுங்கள். ஸ்பிரிட் காயும்வரை பொறுங்கள்.

கை சில்லிட்டு, ரத்த அழுத்தம் விழுந்த நோயாளிக்கு விரல் ரத்தம் வேண்டாம்; சிரை ரத்தம் எடுங்கள், ஆனால் டிரிப் ஓடும் கையிலிருந்து அல்ல. சர்க்கரைக்கு எடுத்த சாம்பல் மூடிக் குழாயிலிருந்து ஒரு சொட்டு எடுத்து வைப்பதும் நடக்கிறது. அதிலுள்ள ஃபுளோரைடு பல ஸ்ட்ரிப்களுக்கு ஆகாது. கடும் ரத்தசோகையும், அதிக அளவு வைட்டமின் சி ஏற்றுவதும் எண்ணைத் திரிக்கக்கூடும். ஸ்ட்ரிப் பெட்டியிலுள்ள தாளில் ஹிமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) வரம்பு இருக்கும், யாராவது ஒருமுறையாவது அதைப் படிக்க வேண்டும்!

அலகும் காலை வாரும். ஆய்வகம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் 31 என்று எழுதினால் அது மீட்டரின் 3.0 தான்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற நீரிழிவு மாத்திரைகளை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை 180 இருக்கும்போதே கீட்டோஅசிடோசிஸ் வரலாம். இந்த மாத்திரைகள் இன்று மலிந்துவிட்டன. ஆகவே ‘சர்க்கரை 250-ஐத் தாண்டினால் மட்டும் கீட்டோன்’ என்ற வார்டு விதியைத் திருத்தி, வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு, அறுவைக்கு முந்தைய பட்டினி ஆகிய நிலைகளையும் சேர்க்கக் கோருகிறோம். ஸ்ட்ரிப் வாங்கும்போது, அதைச் சோதிக்க உதவும் அளவு தெரிந்த கண்ட்ரோல் கரைசலையும் சேர்த்து வாங்குங்கள். புதுப் பெட்டி பிரிக்கும்போதெல்லாம் அதை ஓட்டிப் பார்த்து, லாட் எண்ணோடு பதிவேட்டில் எழுதட்டும். மீட்டரின் குளுக்கோஸ் பகுதிக்குத் துல்லியத்துக்கான ஐஎஸ்ஓ 15197 சான்று இருப்பதைக் கீட்டோனுக்கும் சேர்த்து எண்ணிக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
ஆய்வக நுட்பநர்களும் நீரிழிவுப் பிரிவுச் செவிலியர்களும்