‘கருணை கூர்ந்து’ வேண்டாம்

சென்னை,
ஞாயிறு இரவு.

அன்பு மகள் கயலுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய புகார் மனுவைப் பெரிதாக்கி இரண்டு முறை படித்தேன். தேதி, நேரம், திருச்சி பஸ் நிலையத்தில் உன் தோழியின் லேப்டாப் பையைப் பறித்துக்கொண்டு ஓடியவனின் சட்டை நிறம் வரை எதுவும் விட்டுப்போகவில்லை. கடைசி வரிதான் மனத்தை உறுத்தியது. ‘ஐயா அவர்கள் கருணை கூர்ந்து புகாரை ஏற்றுக்கொள்ளுமாறு’ என்று முடித்திருக்கிறாய். அந்தக் ‘கருணை கூர்ந்து’ வேண்டாம், எடுத்துவிடு.

தம்புச் செட்டித் தெருவில் வக்கீல் அலுவலகத்தில் 26 ஆண்டுகளாகத் தட்டச்சு செய்கிறேன். அந்த இரண்டு சொற்களையும் எத்தனை ஆயிரம் முறை அச்சடித்திருப்பேனோ தெரியாது. மரியாதையாக எழுத வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் கருணை என்று கேட்டால், கொடுப்பதும் மறுப்பதும் அவர் இஷ்டம். உரிமையை மறுக்கிறவர் அதற்குச் சட்டத்தில் இடம் காட்டியாக வேண்டும்.

‘சம்பவம் திருச்சியில் நடந்தது, அங்கே போய்க் கொடுங்கள்’ என்று உங்கள் விடுதி இருக்கும் ஊரின் காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பினார்களாமே. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173வது பிரிவைப் படித்துப் பார். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் எங்கே நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். பதிவு செய்து திருச்சிக்கு அனுப்பிவைப்பது அவர்கள் வேலை. எஃப்.ஐ.ஆர். நகலையும் இலவசமாகத் தர வேண்டும். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்த இந்தச் சட்டம் வழிவிடுகிறது. அதைச் சொன்னால் கேட்டுக்கொள். எல்லையைக் காரணம் காட்டினால் ஏற்காதே. புகார் வந்து சேர்ந்ததற்கு அடையாளமான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள், ஆனால் அது எஃப்.ஐ.ஆர். ஆகாது.

உன் தாத்தா இறந்த பிறகு ஆச்சியின் குடும்ப ஓய்வூதியத்துக்காக ஓர் அலுவலகத்துக்குப் பதினோரு முறை நடந்தேன். நீ அப்போது சின்னப் பெண். ஊராருக்கெல்லாம் மனு தட்டச்சு செய்கிற நான், அந்த ஜன்னலின் முன்னால் கை கட்டி நின்றேன். இப்போது நினைத்தாலும் வேதனையாக இருக்கிறது. பிறகுதான் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நினைவுக்கு வந்தது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒன்று வாங்கினேன். பின்புறம் பசை காய்ந்து கிடந்தது. சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவி, நகத்தால் நான்கு ஓரமும் அழுத்தி ஒட்டினேன். ‘எங்கள் விண்ணப்பம் இன்று யாருடைய மேசையில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது?’ அந்த ஒரு கேள்விதான். சட்டம் தந்த 30 நாள் கெடு முடிவதற்குள் பதில் வந்தது. அடுத்த மாதம் ஆச்சியின் கணக்கில் பணமும் ஏறியது.

டெல்லியில் போட்ட சட்டத்தை இங்குள்ள போலீஸ் எதற்குக் கேட்க வேண்டும் என்று கேட்டாயே, நல்ல கேள்வி. காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது, கோட்டையில் இருக்கும் அரசின் பொறுப்பு அது. குற்றவியல் நடைமுறையோ பொதுப் பட்டியலில் வருகிறது, நாடாளுமன்றமும் சட்டம் இயற்றலாம். இரண்டும் அரசியலமைப்புக்கு உட்பட்டதா என்று பார்ப்பது நீதிமன்றம். நான் மத்தியானம் டீ குடிக்க இறங்கினால் உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரங்கள் தெரியும். அங்கிருந்து கோட்டை நடக்கிற தூரம்தான். ஆனால் ஒருவர் வேலையை மற்றவர் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

கேட்டும் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று உன் தோழி அழுதாள் என்றாய். 1950இல் மதராஸ் அரசு தடுப்புக் காவலில் வைத்திருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன், அரசியலமைப்பின் 32வது பிரிவின் கீழ் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். சட்டம் என்று ஒன்று இருந்தால் போதுமா, அதன் நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டாமா என்று கேட்டார். நீதிமன்றம் ஏற்கவில்லை, விடுதலை கிடைக்கவில்லை. தனிமனித சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் 1978இல் மேனகா காந்தி வழக்கில் சொன்னது. கோபாலன் எழுப்பிய கேள்விக்கு 28 ஆண்டு கழித்துக் கிடைத்த பதிலாகவே அதை நான் பார்க்கிறேன். உன் தோழிக்கு அவ்வளவு காலம் ஆகாது, பயப்பட வேண்டாம் என்று சொல்.

நாளை காலை மனுவை இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அவளே கையெழுத்துப் போடட்டும். லேப்டாப் வாங்கிய பில்லையும் இணைத்துவிடுங்கள். இரண்டாம் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கு. அப்போதும் மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். அதை நானே தட்டச்சு செய்து அனுப்புகிறேன். நிலையத்தில் காத்திருக்க நேரிடும், இருவரும் விடுதியில் சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள்.

உன் அப்பா