விளக்குகளை மீண்டும் எரியவைத்தவருக்கு

எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில், உறவினரும் நண்பர்களுமாக நாற்பது பேர் மட்டும் கூடியிருந்த என் தங்கையின் திருமண வரவேற்பில், திடீரென விளக்குகள் அனைத்தும் அணைந்துபோயின. நாற்காலிகளை இறக்க வந்த ஓட்டுநரான நீங்கள்தான், யாரும் அழைக்காமலேயே அருகில் வந்து, சீரியல் விளக்குகள், ஒலிபெருக்கி, உணவைச் சூடாக வைத்திருந்த மின்னடுப்பு ஆகிய மூன்றும் ஒரே எக்ஸ்டென்ஷன் ஒயரில் இருந்ததையும், அது தொட முடியாத அளவுக்குச் சூடேறியிருந்ததையும் கண்டீர்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அடுப்பைச் சமையலறையின் தனி இணைப்புக்கு மாற்றினீர்கள். அத்துடன் நில்லாமல், ஈரப்புல்லில் கிடந்த இணைப்புகளை உயர்த்திக் கட்டி, குழந்தைகள் ஓடும் வழியிலிருந்து ஒயரையும் ஒதுக்கினீர்கள். அது எங்களில் எவருக்கும் தோன்றவே இல்லை. நன்றி சொல்லத் தேடியபோது, ஒரு வாய் சாப்பிடாமலேயே நீங்கள் புறப்பட்டிருந்தீர்கள். ஐயா, இப்பதிவு உங்கள் கண்ணில் பட்டால் ஒரு வரி எழுதுங்கள். தங்கையும் மாப்பிள்ளையும் உங்களைச் சாப்பிட அழைக்கக் காத்திருக்கிறார்கள்.