ஸ்கேன் நின்றால் ஃபார்மேட் தீர்வல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், வீட்டுக் கணினியில் ஆன்டிவைரஸ் ஸ்கேன் பாதியிலேயே நின்றுபோகிறது என்று எழுதியிருந்த வாசகருக்கு, "இன்னொரு ஆன்டிவைரஸையும் போட்டுப் பாருங்கள், சரிவராவிட்டால் ஃபார்மேட் செய்துவிடுங்கள்" என்று பதில் தரப்பட்டிருந்தது. கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இரண்டையுமே மறுக்க வேண்டியிருக்கிறது. முதல் யோசனை கோளாறை அதிகமாக்கும். இரண்டாவது, வேறெங்கும் பிரதி இல்லாத கல்யாணப் படங்களையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் சேர்த்தே அழித்துவிடும். ஸ்கேன் எந்த இடத்தில், எதனால் நிற்கிறது என்று பார்க்க அரை மணி நேரம் போதும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உடன் வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரை வைத்தே சொல்கிறேன்.

முதலில், நின்றுவிட்டதா, மெதுவாக நகர்கிறதா என்று பிரித்தறிய வேண்டும். நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் பழைய ஹார்ட் டிஸ்க், அங்கங்கே சிதறிக் கிடக்கும் கோப்புகளை நொடிக்கு சுமார் 60 முறைதான் எட்டிப் படிக்கும். நாலைந்து வருடம் புழங்கிய கணினியில் 4 லட்சம் கோப்புகள் இருப்பது சாதாரணம். கோப்புக்கு ஒரே ஒரு வாசிப்பு என்று வைத்தாலும் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். உண்மையில் அதைவிடக் கூடும். திரையில் காட்டும் மீதி நேரம் வெறும் மதிப்பீடு, ஏறும் இறங்கும். அதை நம்பி ரத்து செய்ய வேண்டாம். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகி, பவர் செட்டிங்ஸில் ஸ்லீப் நேரத்தை 'நெவர்' என்று மாற்றி, மூடியைத் திறந்தே வைத்து ஓடவிடுங்கள். இது மட்டுமே காரணமாக இருந்த இடங்களும் நிறைய.

எண்ணிக்கை ஒரே இடத்தில் நெடுநேரம் நின்றால், ஸ்டார்ட் மெனுவில் ரிசோர்ஸ் மானிட்டரைத் தேடித் திறந்து 'டிஸ்க்' பக்கத்துக்குப் போங்கள். மேலே உள்ள பட்டியலில் எம்எஸ்எம்பிஇஎன்ஜி (MsMpEng.exe) என்ற பெயருக்கு முன்னால் டிக் வையுங்கள். டிஃபெண்டரின் ஸ்கேன் வேலையைச் செய்வது அதுதான். அது அந்த நொடியில் எந்தக் கோப்பைப் படிக்கிறது என்பது கீழே முழு முகவரியோடு தெரியும். பெரிய ஜிப் கோப்போ, சிடி, டிவிடியின் முழு நகலான ஐஎஸ்ஓவோ, அவுட்லுக் மின்னஞ்சல்களைச் சேர்த்து வைக்கும் பிஎஸ்டி கோப்போ என்றால் பயப்பட ஒன்றுமில்லை. அவற்றைப் பிரித்து உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்க்க நேரம் பிடிக்கும். தேவையில்லாத பழைய ஐஎஸ்ஓக்களை நீக்கினாலே ஸ்கேன் முடியும் நேரம் கணிசமாகக் குறையும்.

சாதாரணப் படக் கோப்பு ஒன்றிலோ சிஸ்டம் கோப்பிலோ நிமிடக்கணக்கில் நின்றால்தான் கவலைப்பட வேண்டும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று இருக்கும், ஆனால் படிக்கும் வேகம் நொடிக்குச் சில கேபிதான் (கிலோபைட்). இது வைரஸின் அடையாளம் அல்ல. ஹார்ட் டிஸ்க் சாகத் தொடங்கியதன் அடையாளம். டிஸ்க்கில் தகவல் பதியும் சிறு கட்டமான செக்டார் ஒன்று கெட்டுப்போனால் டிஸ்க் அதைத் திரும்பத் திரும்பப் படிக்க முயலும். டிஸ்க் விடை தரும்வரை ஸ்கேனும் காத்துக்கொண்டு நிற்கும். மற்ற நாட்களில் அந்தக் கோப்பை யாரும் தொடுவதில்லை, அதனால் கோளாறு தெரிவதில்லை. ஃபுல் ஸ்கேன் எல்லாக் கோப்பையும் தொடுவதால் அன்றைக்கு வெளிப்படுகிறது. பழி மட்டும் ஆன்டிவைரஸ் மேல் விழுகிறது.

உறுதி செய்ய, விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் 'விண்டோஸ் லாக்ஸ்', 'சிஸ்டம்' திறந்து, 'டிஸ்க்' என்ற மூலத்திலிருந்து 7 அல்லது 153 எண் பதிவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 7 என்றால் கெட்ட பிளாக், 153 என்றால் படிக்க முடியாமல் மறுபடி முயன்றது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இன்னும் தெளிவாகக் காட்டும். அதில் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளின் கடைசி எண்ணைக் கவனியுங்கள். அந்த எண்கள் எண்ணும் எழுத்தும் கலந்த பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) முறையில் இருக்கும், மாற்றிக் கணக்கிட வேண்டியதில்லை. பூஜ்யமா இல்லையா என்று பார்த்தால் போதும். சி5 பூஜ்யமாக இல்லாவிட்டால் படிக்க முடியாத செக்டார்கள் காத்திருக்கின்றன என்று பொருள். சி7 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள், அதை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள். கேபிளை மாற்றிய பிறகும் அந்த எண் குறையாது; மேலும் ஏறாமல் இருக்கிறதா என்பதே சோதனை.

05, சி5, சி6 இவற்றில் ஏதாவது கூடியிருந்தால் அந்த நிமிடமே ஸ்கேனை நிறுத்திவிட்டு, முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். படங்களும் ஆவணங்களும் முதலில், சினிமாவெல்லாம் கடைசியில். ஒரு கோப்பில் திணறினால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நகலெடுக்கும் முன், டிஸ்க்கைச் சோதிக்கும் விண்டோஸ் கட்டளையான செக்டிஸ்க்கை 'ஆர்' தெரிவோடு ஓட்டச் சொல்லும் ஆலோசனைகளைக் கேட்காதீர்கள். அது டிஸ்க்கின் மேற்பரப்பு முழுவதையும் மணிக்கணக்கில் படிக்க வைக்கும். மூச்சு வாங்கும் டிஸ்க் அந்த வேலையிலேயே முழுதாக நின்றுபோகலாம். நகல் கைக்கு வந்த பிறகு புது எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) போட்டு விண்டோஸை நிறுவுவதுதான் சரி. கெட்ட டிஸ்க்கை ஃபார்மேட் செய்தால் சில வாரங்களில் அதே இடத்தில் வந்து நிற்பீர்கள், படங்கள் மட்டும் இருக்காது.

இன்னொரு ஆன்டிவைரஸைச் சேர்ப்பது பற்றி: ஒவ்வொரு ஆன்டிவைரஸும் கோப்பு திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் இடைமறித்துச் சோதிக்க டிரைவர் என்ற சிறு மென்பொருளை விண்டோஸுக்குள் செருகுகிறது. இரண்டு இருந்தால், ஒன்று சோதிக்கத் திறக்கும் கோப்பை மற்றது மறிக்கும். ஒன்று பிடித்து அடைத்து வைத்த வைரஸை மற்றது புதிதாகக் கண்டுபிடிக்கும். வேறு ஆன்டிவைரஸ் வந்தால் டிஃபெண்டர் தானே ஒதுங்கிக்கொள்ளும், ஆனால் வெளியிலிருந்து வாங்கிய இரண்டு ஒன்றுக்கொன்று ஒதுங்குவதில்லை. ஆண்டுச் சந்தா முடிந்துபோன ஒன்று கணினியில் கிடந்தால், வழக்கமான அன்இன்ஸ்டாலுக்குப் பிறகும் மிச்சங்கள் தங்கலாம். பெரும்பாலான நிறுவனங்கள் இதற்கென்றே நீக்கும் கருவியைத் தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன. அதை ஓட்டி, ரீஸ்டார்ட் செய்த பிறகே ஸ்கேன் செய்யுங்கள்.

ஸ்கேன் நின்றுபோவதற்கு நேர்மாறான கோளாறு ஒன்று உண்டு, அதை யாரும் புகாராகச் சொல்வதில்லை என்பதால் ஆபத்து கூடுதல். ஃபுல் ஸ்கேன் சில நொடிகளில் முடிந்து, எல்லாம் நலம் என்று பச்சை டிக் காட்டும். 'விண்டோஸ் செக்யூரிட்டி' திறந்து, 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்', 'மேனேஜ் செட்டிங்ஸ்' போய், அடியில் இருக்கும் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' (ஸ்கேன் தொடாமல் விட வேண்டியவை) பட்டியலைப் பாருங்கள். சி டிரைவ் முழுவதுமே அங்கே விலக்காகச் சேர்க்கப்பட்டிருக்கலாம். திருட்டு விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் கருவிகளும் கிராக் செய்த மென்பொருட்களும் தங்களைக் காத்துக்கொள்ளச் செய்யும் வேலை இது. நீங்கள் சேர்க்காத எதையும் நீக்கிவிட்டு மறுபடி ஃபுல் ஸ்கேன் ஓட்டுங்கள். காவல் உண்மையில் விழித்திருக்கிறதா என்று சோதிக்க, ஆன்டிவைரஸ் ஆய்வு அமைப்பான ஐகாரின் 68 எழுத்துச் சோதனைக் கோப்பு இருக்கிறது. தீங்கில்லாதது; அதை இறக்கிய உடனே டிஃபெண்டர் பிடித்தாக வேண்டும்.

வைரஸ் பட்டியல் அப்டேட் ஆகவில்லை என்ற புகாருக்கு, பழைய டெஸ்க்டாப்களில் நான் முதலில் பார்ப்பது கடிகாரம். நம் வீடுகளில் வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சை அணைத்துவிடுவோம். அப்போது கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி. அது தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னே போய்விடும். தேதி தவறினால் மைக்ரோசாஃப்ட் சர்வரின் அடையாளச் சான்றிதழ் செல்லாது என்று கணினி முடிவு செய்து இணைப்பையே மறுத்துவிடும். இரவு சுவிட்சை அணைத்து, காலையில் போட்டதும் தேதியைப் பாருங்கள். தவறாக இருந்தால் பேட்டரியை மாற்றினால் போதும். விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது; டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. பட்டியல் வருவதால் விண்டோஸில் உள்ள ஓட்டைகள் அடைபட்டுவிடாது.

ஸ்கேனின்போது கணினி தானாக அணைந்தால் அது பெரும்பாலும் சூடு. கணினியை அணைத்துவிட்டு, ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதி எடுங்கள். பழைய லேப்டாப் என்றால் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்ற வேண்டியிருக்கும்.

ஸ்கேன் எப்படி முடிந்தது என்று தெரியாமல் குழம்புகிறவர்களுக்கும் ஈவென்ட் வியூவரில் விடை இருக்கிறது. 'அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ்', 'மைக்ரோசாஃப்ட்', 'விண்டோஸ்', 'விண்டோஸ் டிஃபெண்டர்', 'ஆபரேஷனல்' என்று போனால், 1000 என்பது ஸ்கேன் தொடங்கியது, 1001 முடிந்தது, 1002 இடையில் நிறுத்தப்பட்டது, 1005 பிழையால் தோற்றது. 1002 என்றால் ஸ்லீப்பையோ யாராவது ரத்து செய்ததையோ சந்தேகிக்கலாம். 1005 என்றால் அதிலேயே பிழை எண்ணும் இருக்கும்.

டிஸ்க் நலமாக இருந்தும், நீக்கிய வைரஸ் ஒவ்வொரு முறையும் திரும்ப வந்தால் மட்டும் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் எழும்பும் முன்பே ஓடுவதால் வைரஸால் எளிதில் ஒளிய முடியாது. 15 நிமிடம் அளவில் முடியும். கணினி ஸ்கேன் எதுவும் செய்யாமல் நேராக விண்டோஸுக்குள் போய்விட்டால், விண்டோஸின் மீட்புப் பகுதி அணைக்கப்பட்டிருக்கலாம், அதை முதலில் இயக்க வேண்டும். முடிவு 'புரொடெக்ஷன் ஹிஸ்டரி' பக்கத்தில் வந்திருக்கும்.

அந்தக் கேள்வியைக் கேட்ட வாசகர் இன்னும் ஃபார்மேட் செய்யாமல் இருக்கக்கூடும். ஆகவே அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிட்டு, முதலில் கோப்புகளை நகலெடுக்கும்படி அவருக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர்,
ஈரோடு