பாளையங்கோட்டையிலிருந்து அம்மா

அன்புள்ள ஐயாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தைலம் தேய்த்தால் தேவலை என்கிறார், தேய்க்கத்தான் மாட்டேன் என்கிறார். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. போனில் பேசினால் மீட்டிங் என்பாய், அதனால்தான் கடிதம்.

கல்லிடைக்குறிச்சி டீச்சர் மகள் ஊருக்கு வந்திருக்கிறாள். லீவுக்கு வந்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். மாதம் ஒன்றுக்கு மேலாகிறது, இன்னும் போகக் காணோம். டீச்சர் எப்போதும் அப்பளக் கட்டோடு நேரில் வந்து, காபி குடித்துவிட்டுத்தான் கிளம்புவார். இந்த முறை ஆளிடம் கொடுத்தனுப்பிவிட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயும் ஒன்றும் சொல்லவில்லை.

பொங்கலுக்கு வந்தபோது பயிற்சி வகுப்பு ஃபைலை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாய் அல்லவா? உட்கார்ந்து முழுவதும் படித்தேன். உணர்வுசார் நுண்ணறிவில் உனக்கு உயர்ந்த மதிப்பெண் என்று சான்றிதழில் போட்டிருக்கிறார்கள். எனக்குப் பெருமைதான், எதிர் வீட்டு அத்தையிடம்கூடக் காட்டினேன். ஆனால் கேள்வித்தாளைப் பார்த்தால், கேள்விக்குப் பதில் சொன்னவனும் நீ, மதிப்பெண் போட்டுக்கொண்டவனும் நீ. உணர்வுசார் நுண்ணறிவு என்றால் தன் உணர்வையும் பிறர் உணர்வையும் அறிந்து, அந்த அறிவைக் கொண்டு சிந்தனையையும் செயலையும் நடத்துவது என்று சாலவே, மேயர் என்ற இரு உளவியலாளர்கள் 1990இல் எழுதியதை அதில் கொடுத்திருக்கிறார்கள். செய்து காட்டச் சொல்லிச் சோதித்தால் சராசரியில் பெண்கள் சற்று மேலே வருகிறார்களாம். நீயே உன்னை மதிப்பிடு என்றால் ஆண்கள்தான் தங்களுக்குத் தாராளமாகப் போட்டுக்கொள்கிறார்களாம். அதே பக்கத்தில்தான் அதுவும் இருக்கிறது. மற்ற வரிகளுக்கெல்லாம் மஞ்சள் மை போட்ட நீ, அதை மட்டும் விட்டிருக்கிறாய்.

வெளியூர் போன் இணைப்புக் கொடுக்கும் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் நான் வேலை பார்த்த காலம் உனக்கு நினைவிருக்காது. காதில் ஹெட்போன் அழுத்தும், ஒரு கையில் அழைப்பு விவரம் எழுதும் டிக்கெட், மறு கையில் இணைப்புக் கொடுக்கும் வயர். வீட்டில் சாவு என்று சாதாரணக் கட்டணத்துக்கு எட்டு மடங்கு கொடுத்து, உடனே இணைப்புக் கேட்கும் லைட்னிங் கால் போட்டவர் மறுமுனையில் அழுதுகொண்டிருப்பார். அடுத்த லைனில் பம்பாய் கிடைக்கவில்லை என்று ஒரு வியாபாரி வாய்க்கு வந்தபடி ஏசுவார். இரண்டு பேருக்கும் ஒரே குரலில் பதில் சொல்ல வேண்டும். குரல் சற்று உயர்ந்தால் மெமோ வரும். உயராமல் வருடக்கணக்காகக் காத்தால், அதற்கு ஒன்றும் கிடையாது; பொம்பளைகள்தானே, குரலே அப்படி என்று விட்டுவிடுவார்கள். டிக்கெட் கட்டைத் தூக்கி எங்கள் முன்னால் எறிந்த சூப்பர்வைசருக்குக் கண்டிப்பான அதிகாரி என்று பெயர். கோபமும் உணர்ச்சிதானே ஐயா? அழுகையை மட்டும் ஏன் உணர்ச்சிக் கணக்கில் எழுதுகிறார்கள்?

உன் டீமில் இருந்த டீச்சர் மகளுடைய ஆண்டு மதிப்பீட்டில் நீ என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. "உணர்ச்சிவசப்படுகிறவர், தலைமைக்கு இன்னும் பக்குவமில்லை" என்று எழுதியிருந்ததாகக் காதில் விழுந்தது. உன் கையெழுத்தாக இராது என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ கோபத்தில் எறிந்த பூஜை அறைச் செம்பில் அந்த நெளிவு இப்போதும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் உனக்கு மதிப்பீடு எழுதவில்லை.

டீமில் பையன்கள் அவளை ஏற்கவில்லை என்று தீபாவளிக்கு நீயே சொன்னாய். ராணுவத்துப் பெண் அதிகாரிகளின் வழக்கிலும் இதைத்தான் சொன்னார்கள். வீரர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஆண்கள், பெண்ணின் கட்டளையை ஏற்க அவர்கள் மனம் இன்னும் பக்குவப்படவில்லை என்று அரசுத் தரப்பு வாதம். 2020இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. கிராமத்து ஆண்கள் என்றால் யார்? உன் தாத்தாவும் பெரிய மாமாவும்தானே. பிசானச் சாகுபடிக்கு எந்த வயலில் எப்போது நாற்று நட வேண்டும் என்று ஆச்சி வரப்பில் நின்று சொல்வாள், ஊர் ஆண்கள் மறுபேச்சில்லாமல் கேட்பார்கள். உன் பையன்கள் பி.இ. படித்தவர்கள், அவர்களுக்கு என்ன வந்தது?

நீ இவ்வளவு உயர்ந்ததில் எனக்குக் குறைவில்லாத சந்தோஷம். வேளாவேளைக்குச் சாப்பிடு, இரவில் கண் விழிக்காதே. சர்க்கரை பார்த்தாயா? அப்பாவின் வயதுக்குக் காத்திருக்காதே, பார்த்துவிடு.

உன் கம்பெனியில் வேலை என்றபோது, "என் மகன் பார்த்துக்கொள்வான்" என்று டீச்சரிடம் சொன்னது நான். ஆனித் தேரோட்டத்துக்கு அவர் டவுனுக்கு வருவார், வடம் பிடிக்கும் இடத்தில் எப்படியும் பார்ப்போம். அவளுக்குப் பணிவிடுவிப்புச் சான்றும் கடைசி மாதச் சம்பளமும் இன்னும் வரவில்லையாம். சென்னையில் ஓர் இடத்தில் வேலை தயாராக இருக்கிறது, அந்தத் தாள் இல்லாமல் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம். தேருக்கு முன்னால் அனுப்பிவிடு. அனுப்பிய நாளன்று எனக்கு ஒரு வரி எழுது; போன் வேண்டாம்.

இப்படிக்கு,
அம்மா