நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த எருசலேம் கட்டுரையில், "யாக்கோபின் எலும்புப் பெட்டி உண்மையானதே என்று நீதிமன்றமே உறுதி செய்துவிட்டது" என்று ஒரு வரி. "யாக்கோபு, யோசேப்பின் மகன், இயேசுவின் சகோதரன்" என்று எழுத்து பொறித்த பழங்காலக் கல்பெட்டி அது. நெடுநாள் வாசகன் என்ற உரிமையில் கேட்கிறேன், அந்தத் தீர்ப்பில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லையா? 2012 மார்ச்சில் எருசலேம் நீதிமன்றம், அந்தப் பெட்டியை வைத்திருந்த சேகரிப்பாளரைப் போலி செய்த குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. குற்றம் சந்தேகமற நிரூபிக்கப்படவில்லை, அவ்வளவுதான். அதனால் கல்வெட்டு உண்மை என்று ஆகிவிடாது என்பதை நீதிபதியே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அறிஞர்களிடையே சர்ச்சை இன்னும் தீரவில்லை. எங்கள் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளோ இதழைக் கையில் கொண்டுவந்து, "கோர்ட்டே சொல்லிட்டாம்ல சார்" என்கிறார்கள். நான் என்ன பதில் சொல்ல?

இது முதல் தடவையும் இல்லை. 2007இல் எருசலேமின் தல்பியோத் பகுதியில் உள்ள குகையை "இயேசுவின் குடும்பக் கல்லறை" என்று பெரிய எழுத்தில் போட்டீர்கள். 1980லேயே தோண்டிய குகை அது. பத்துப் பெட்டிகளில் ஆறில் பெயர்கள் இருந்தன. யோசேப்பு, மரியாள், இயேசு எல்லாம் அன்றைய எருசலேமில் தெருவுக்குத் தெரு இருந்த பெயர்கள். அப்போதும் எழுதினேன். கடிதம் வெளிவரவில்லை.

இயேசுவை விசாரித்த தலைமை ஆசாரியர் காய்பாவின் பெயரோடு கிடைத்த காய்பா பெட்டியின் படத்தையும் போட்டிருக்கிறீர்கள், "அலங்காரப் பெட்டி" என்ற ஒற்றைக் குறிப்போடு. திருநாட்டுப் பயணத்தில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் அதன் முன்னால் நின்றவன் நான். எங்களைக் கூட்டிப்போனவர் வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று விரட்டிக்கொண்டே இருந்தார், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. முகப்பில் இழைத்து இழைத்துச் செதுக்கிய பூவட்டங்கள். "காய்பாவின் மகன் யோசேப்பு" என்ற பெயர் மட்டும் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் ஆணியால் கீறியதுபோல் கோணல்மாணலாக இருக்கும். அது ஊருக்குக் காட்ட எழுதியது அல்ல. உடலைக் குகையில் கிடத்தி, ஓராண்டு போல் கழித்து எலும்புகளைப் பொறுக்கிச் சுண்ணாம்புக்கல் பெட்டியில் வைக்கும் வீட்டார், எது யாருடையது என்று தெரிந்துகொள்ளக் கீறியது. தொடை எலும்பு கொள்ளும் நீளம் இருந்தால் பெட்டிக்குப் போதும். கி.பி. 70இல் எருசலேம் அழிந்ததோடு அங்கே இந்த வழக்கமும் ஏறக்குறைய முடிந்துபோனது.

காய்பா பெட்டி 1990இல் குகையிலிருந்தே எடுக்கப்பட்டது. உள்ளே ஆறு பேரின் எலும்புகள், அவர்களில் ஒருவர் அறுபது வயது மதிக்கத்தக்க ஆண். யாக்கோபு பெட்டி வந்ததோ பழம்பொருள் சந்தையிலிருந்து. எந்தக் குகை, பக்கத்தில் என்ன இருந்தது, ஒன்றும் தெரியாது. இரண்டையும் ஒரே பக்கத்தில் ஒரே தட்டில் வைத்துவிட்டீர்களே என்பதுதான் என் ஆற்றாமை.

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் நீதிமன்ற வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். இரண்டு வரி போதும். இனி இப்படிப் படம் போடும்போது அந்தப் பொருள் எங்கே கிடைத்தது என்பதையும் கீழே குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை